முதுகு வளைவு அறுவை: எந்த முறை என்பதற்கு முன், எந்த எலும்பு வரை என்று கேளுங்கள்

மும்பை செம்பூரில் வசிக்கும் ஒரு தாயின் கேள்விக்கு இந்தப் பதிலை எழுதுகிறேன். அவருடைய மகளுக்குப் பதின்மூன்றரை வயது. பூப்பெய்தி ஓராண்டுக்கு மேலாகிறது. மார்புப் பகுதி முதுகெலும்பு வலப்பக்கமாக 54 டிகிரியும் அதன் கீழே இடுப்புப் பகுதி இடப்பக்கமாக 30 டிகிரியும் வளைந்திருக்கின்றன. மூன்று மருத்துவர்களைப் பார்த்ததில் மூன்று விதமான பதில்கள் கிடைத்திருக்கின்றன. முதலாமவர் டி4 முதல் எல்1 வரை, அதாவது மார்புப் பகுதியின் நான்காம் முள்ளெலும்பிலிருந்து இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு வரை, ஸ்க்ரூவும் ராடும் வைத்து எலும்புகளை இணைக்க வேண்டும் என்கிறார். இரண்டாமவர் அதையே எல்3 வரை கொண்டுபோக வேண்டும் என்கிறார். மூன்றாமவர் இணைக்கவே வேண்டாம், கயிறு கட்டித் திருத்தும் புதிய முறை இருக்கிறது என்கிறார். இவற்றோடு திருநெல்வேலியிலிருந்து மாமனார் எண்ணெய் தேய்த்து நீவினால் சரியாகிவிடும் என்று தினமும் தொலைபேசியில் சொல்கிறாராம். பெண் எட்டு வருடமாகப் பரதநாட்டியம் கற்கிறாள். தொடர்ந்து ஆட முடியுமா, நாளைக்குப் பிள்ளை பெற முடியுமா என்பவை தாயின் கடைசி இரண்டு கேள்விகள்.

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் கத்தி பிடிப்பவன் அல்லன். தலைமாட்டில் நிற்கும் மயக்கவியல் மருத்துவன். மும்பையில் முதுகெலும்பு அறுவைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துக் காலம் கழித்தவன். ஆகவே எந்த அறுவை மருத்துவரின் முறைக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய தேவை எனக்கில்லை. ஆனால் நேரில் பரிசோதிக்காத குழந்தையைப் பற்றி எழுதுகிறேன் என்பதை மறந்துவிடாமல் படியுங்கள்.

வளைவை முதலில் கண்டவர் மாட்டுங்காவிலுள்ள நடன ஆசிரியை என்று எழுதியிருக்கிறீர்கள். அரைமண்டியில் நிற்கும்போது ஒட்டியாணம் ஒரு பக்கம் ஏறியே இருந்தது. கட்டியது சரியில்லை என்று மூன்று முறை அவிழ்த்துக் கட்டிய பிறகுதான் இடுப்பே அப்படி இருப்பது அவருக்குப் புரிந்திருக்கிறது. இந்த நோய் பெரும்பாலும் இப்படித்தான் பிடிபடுகிறது. வலி இருக்காது, பிள்ளை எதுவும் சொல்லாது, தையற்காரரோ நடன ஆசிரியரோ பார்த்துச் சொன்னால்தான் உண்டு. குழந்தையைக் குனிய வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால், ஒரு பக்க விலாக்கூடு மேடாக எழுந்து நிற்கும். பள்ளிப் பையின் கனத்தாலோ லோக்கல் ரயிலில் ஒரு தோளில் பை மாட்டி நின்றதாலோ இது வரவில்லை. நூற்றில் இரண்டு மூன்று வளரிளம் பிள்ளைகளுக்குப் பத்து டிகிரிக்கு மேல் வளைவு இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இன்ன காரணம் என்று சுட்ட முடியாது. பெரிய வளைவாக வளர்வது பெண் பிள்ளைகளிடம்தான் அதிகம். உங்கள் மீது நீங்கள் சுமத்திக்கொள்ளும் குற்றத்தை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம்.

இது பக்கவாட்டில் மட்டும் வளைந்த முதுகு அன்று. ஈரத்துண்டைப் பிழியும்போது அது முறுக்கிக்கொண்டே வளைவதைப் போல, ஒவ்வொரு முள்ளெலும்பும் பக்கவாட்டில் நகர்வதோடு சுழலவும் செய்கிறது. அந்தச் சுழற்சி விலா எலும்புகளையும் இழுத்துக்கொண்டு போவதால்தான் முதுகில் மேடு எழுகிறது. மாமனார் சொல்லும் நீவுதல் தசைக்கு இதமாக இருக்கும்; சுழன்று வடிவம் மாறிய எலும்பை அது தொடாது. அவர் மனம் கோணாமல் இருக்க எண்ணெய் தேய்த்துவிடுங்கள், ஆனால் முதுகை முறித்து நெட்டி எடுக்க யாரையும் விடாதீர்கள்.

எக்ஸ்ரேயில் அளக்கும் கோணத்துக்கு, 1948-ல் அந்த அளவை முறையை விவரித்த நியூயார்க் மருத்துவர் ஜான் காப்பின் பெயர்தான் வழங்குகிறது. ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தால் ஐந்து டிகிரி வரை வேறுபடலாம். அதனால் ஓரிடத்தில் 51 என்றும் இன்னோரிடத்தில் 54 என்றும் வந்ததை வைத்து, ஒரு மாதத்தில் மூன்று டிகிரி கூடிவிட்டது என்று பதற வேண்டாம். வளரும் பிள்ளைக்கு 25 முதல் 40 டிகிரி வரையுள்ள வளைவுக்கு, உடலைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பிரேஸ் என்ற கவசத்தைப் போடுவது வழக்கம். அது பயன் தருகிறது என்பதை 2013-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு உறுதிப்படுத்தியது. பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதத்தினரும் போடாமல் கண்காணிக்கப்பட்டவர்களில் 48 சதவீதத்தினரும் ஐம்பது டிகிரியைத் தொடாமல் வளர்ச்சியை முடித்தார்கள். உங்கள் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள். ஐம்பதைக் கடந்த மார்பு வளைவு, வளர்ச்சி நின்ற பிறகும் ஆண்டுக்குச் சுமார் ஒரு டிகிரி வீதம் கூடிக்கொண்டே போகக்கூடும். அறுவையைப் பற்றிப் பேசுவதற்கு அடிப்படையான காரணம் அதுதான். நுரையீரல் கணிசமாக நெருக்கப்படுவது எழுபது எண்பது டிகிரிக்கு மேல். ஆகவே இது நாளைக் காலையே செய்ய வேண்டிய அறுவை இல்லை. சில வாரங்கள் யோசிக்க நேரம் இருக்கிறது. சில வருடங்கள் இல்லை.

இப்போது முறைகளுக்கு வருகிறேன். முதல் இரண்டு மருத்துவர்களும் சொல்வது ஒரே அறுவையைத்தான். வேறுபாடு அது எங்கே முடிகிறது என்பதில் இருக்கிறது. அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குப் பழைய கதை ஒன்று தேவைப்படுகிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பால் ஹாரிங்டன் என்ற மருத்துவர், போலியோவால் முதுகு வளைந்த குழந்தைகளுக்காக ஓர் உலோகத் தண்டை உருவாக்கி, 1962-ல் அதைப் பற்றி எழுதினார். வளைவின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் கொக்கி மாட்டி, கார் ஜாக்கியைப் போல இரண்டையும் விலக்கித் தள்ளுவது அதன் தத்துவம். வளைவு நிமிர்ந்தது, ஆனால் இடுப்புக்கு இயல்பாக இருக்க வேண்டிய உட்குழிவும் சேர்ந்து நிமிர்ந்துவிட்டது. தண்டு எவ்வளவு கீழே இறங்கியதோ அவ்வளவுக்குச் சிக்கல். அந்தப் பிள்ளைகளில் பலர் நடுவயதில் நேராக நிற்க முடியாமல், முன்னால் சாய்ந்து முழங்காலை மடக்கி நடந்தார்கள். எக்ஸ்ரே படத்தில் முதுகு அழகாக இருப்பதும் மனிதர் நிமிர்ந்து நிற்பதும் வேறு வேறு என்பதை இந்தத் துறை அப்படித்தான் கற்றது. அதன் பிறகு மெக்சிகோவின் லூக்கே ஒவ்வொரு எலும்பையும் கம்பியால் தண்டோடு கட்டினார். 1980-களில் பிரான்சின் கோட்ரெலும் டுபுசேவும் தண்டைச் சுழற்றி வளைவைத் திருத்தினார்கள். 1990-களில் கொரியாவின் சே-இல் சுக் மார்பு முள்ளெலும்புகளிலும் பெடிகிள் ஸ்க்ரூ போட்டுக் காட்டினார். இன்று மும்பையில் செய்யப்படுவது இவற்றின் வழிவந்த முறையே.

பெடிகிள் என்பது முள்ளெலும்பின் பின்பகுதியை முன்பகுதியோடு இணைக்கும் குறுகிய எலும்புப் பாலம். வளைவின் உட்பக்கத்தில் அது இன்னும் குறுகிப்போயிருக்கும், தண்டுவடமும் அந்தப் பக்கமே ஒட்டிக் கிடக்கும். அதன் வழியாக ஸ்க்ரூ போட வேண்டும். கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், வளைந்த முதுகுகளில் வழக்கமான முறையில் போட்ட மார்பு ஸ்க்ரூக்களில் 23 சதவீதம் எலும்புச் சுவரைத் தாண்டியிருந்தன. கணினி வழிகாட்டலோடு போட்டவற்றில் 2 சதவீதமே தாண்டின. தாண்டிய ஸ்க்ரூ எல்லாம் தீங்கு செய்வதில்லை, கை தேர்ந்தவர்கள் வழிகாட்டி இல்லாமலும் நன்றாகவே போடுகிறார்கள். இருந்தாலும் அந்த வசதி இருக்கும் ஆபரேஷன் தியேட்டரில் நிற்கும்போது எனக்கு மனம் சற்று இலேசாகவே இருக்கும்.

ஸ்க்ரூக்களுக்குப் பிறகு, முதுகின் இயல்பான முன்பின் வளைவுக்கேற்ப வளைத்த இரண்டு ராடுகளைப் பொருத்தி, எலும்புகளை அவற்றை நோக்கி இழுத்துச் சுழற்றி நிலைநிறுத்துவார்கள். பிறகு எலும்புகளின் மேற்பரப்பைச் செதுக்கி, அங்கேயே எடுத்த எலும்புத் துகள்களை அதன்மேல் பரப்புவார்கள். பலரும் ராடுதான் வைத்தியம் என்று நினைக்கிறார்கள். ராடு சென்ட்ரிங் பலகையைப் போன்றது. கான்கிரீட் இறுகும் வரை பலகை தாங்குகிறது. இங்கே துகள்கள் எலும்பாகி, பல முள்ளெலும்புகள் ஒரே எலும்பாகும் வரை ராடு தாங்குகிறது. அது நடக்க ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும். இணைவு நடக்காவிட்டால் எவ்வளவு உறுதியான ராடும் என்றாவது ஒருநாள் உடையும். இணைந்த பிறகோ, ராடை எடுக்க வேண்டிய தேவை பொதுவாக வராது.

இந்த இணைவில்தான் விலையும் இருக்கிறது. இணைந்த பகுதி இனி வளையாது. மார்புப் பகுதி விலாக்கூட்டால் கட்டுண்டு இயல்பிலேயே அதிகம் வளையாததால் அங்கே இழப்பு சிறிது. நாம் குனிவதும் நிமிர்வதும் இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளாலும் இடுப்பு மூட்டுகளாலும். எல்1, எல்2, எல்3 என்று இணைவு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும்போது, மீதமிருக்கும் சில மூட்டுகளின் மேல் வாழ்நாள் முழுவதற்குமான சுமை ஏறுகிறது. அதற்காகத் தேவைக்கு முன்பே நிறுத்திவிட்டாலும் ஆபத்து. வளைவு இணைவுக்குக் கீழே நீண்டு, மீண்டும் அறுவை செய்ய நேரிடலாம்.

எங்கே நிறுத்துவது என்பதை ஊகத்தால் முடிவு செய்வதில்லை. 2001-ல் அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் லென்கேயின் குழுவினர் வெளியிட்ட வளைவு வகைப்பாட்டைத்தான் இன்று உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். பக்கவாட்டில் முடிந்த மட்டும் சாயச் சொல்லி எடுக்கும் எக்ஸ்ரேதான் அதன் உயிர்நாடி. அப்படிச் சாய்ந்த பிறகும் ஒரு வளைவு 25 டிகிரிக்குக் குறையாமல் நின்றால் அது இறுகிய வளைவு, இணைவுக்குள் வர வேண்டியது. குறைந்துவிட்டால் அது மேல் வளைவுக்கு ஈடுகொடுக்க உடல் தானே உண்டாக்கிக்கொண்ட வளைவு. உங்கள் மகளின் இடுப்பு வளைவு சாய்ந்த படத்தில் 11 டிகிரியாகக் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மார்பு வளைவை மட்டும் திருத்தினால், இந்தக் கீழ் வளைவு பெரும்பாலும் தானாகவே அதற்கேற்ப நிமிர்ந்துகொள்ளும். இந்த ஒரு எண்ணை வைத்துப் பார்த்தால் முதல் மருத்துவரின் பக்கம் நியாயம் கூடுதலாகத் தெரிகிறது. ஆனால் இரண்டாமவர் காரணமின்றிச் சொல்லியிருக்க மாட்டார். முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பின் நடுவிலிருந்து மேலே ஒரு நேர்கோடு வரைந்தால், அந்தக் கோட்டிலிருந்து இடுப்பு வளைவு எவ்வளவு விலகி நிற்கிறது, எந்த முள்ளெலும்பைக் கோடு தொடுகிறது என்பதையெல்லாம் பார்த்து அவர் அஞ்சியிருக்கலாம். அவரிடம் போய், “எல்1-ல் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். படத்தை எடுத்து வைத்துக் கோடு போட்டுக் காட்டினால் அவர் யோசித்தவர். ‘நாங்கள் எப்போதும் அப்படித்தான் செய்வோம்’ என்றால் எழுந்து வந்துவிடலாம்.

இதோடு தோள்பட்டையையும் பார்க்க வேண்டும். மார்பு வளைவை முழுக்க நிமிர்த்திவிட வேண்டும் என்ற ஆசையில் அளவுக்கு மீறித் திருத்தினால், அதற்கு மேலேயுள்ள சிறு வளைவு இறுகியிருக்கும் பிள்ளைகளுக்கு இடத்தோள் ஏறி நின்றுவிடும். 54-ஐ 18 ஆக்கித் தலையும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் நிற்க வைப்பது, அதை 5 ஆக்கித் தோளைக் கோணலாக்குவதைவிட நல்ல அறுவை.

கயிறு கட்டும் முறைக்கு வருவோம். வளரும் எலும்பின் ஒரு பக்கத்தை அழுத்தினால் அந்தப் பக்க வளர்ச்சி தணியும் என்ற பழைய விதியை அடிப்படையாகக் கொண்டது அது. மார்பின் பக்கவாட்டில் சிறு துளைகள் வழியாகக் கேமரா செலுத்தி, வளைவின் வெளிப்பக்கத்தில் ஸ்க்ரூக்கள் போட்டு, அவற்றை வலுவான பாலியெஸ்டர் வகைக் கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். வெளிப்பக்கம் மெதுவாகவும் உட்பக்கம் வேகமாகவும் வளர்ந்து முதுகு தானே நிமிரும், அசைவும் இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019 ஆகஸ்டில், வளர்ச்சி முடியாத, 30 முதல் 65 டிகிரி வரை வளைவுள்ள பிள்ளைகளுக்கு இதை மனிதநேய விலக்கு என்ற தனிவழியில் அனுமதித்தது. அந்த வழிக்கு, முழு அளவிலான பயன் நிரூபணம் கேட்கப்படுவதில்லை என்பதைக் கவனியுங்கள். கயிறு அறுவதும், வளர்ச்சி அதிகம் மீந்திருந்தால் வளைவு எதிர்ப்பக்கம் திரும்பிவிடுவதும் இதில் காணப்படுகின்றன. மறு அறுவையும் இணைவு முறையைவிட இதில் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக இந்த முறைக்கு எரிபொருள் வளர்ச்சிதான். பூப்பெய்தி ஓராண்டு கடந்த பெண்ணிடம் அது பெரும்பகுதி தீர்ந்திருக்கும். இடது கை எக்ஸ்ரே எடுத்து எலும்பு முதிர்ச்சியைப் பார்க்காமல் யாரும் இதைப் பரிந்துரைக்கக் கூடாது. அந்தப் படம் எடுக்கப்பட்டதாக உங்கள் குறிப்பில் இல்லை. என் வீட்டுப் பெண்ணாக இருந்தால், இந்த வயதில், இந்த அளவு வளைவுக்கு நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

முன்பக்கமாகச் செய்யும் இணைவும், எலும்பையே வெட்டித் திருத்தும் முறைகளும், அறுவைக்கு முன் தலையில் வளையம் மாட்டி வாரக்கணக்கில் இழுத்து வைப்பதும் உண்டு. அவை வேறு வகை வளைவுகளுக்கும், தொண்ணூறு நூறு டிகிரி என்று இறுகிப்போன முதுகுகளுக்கும் உரியவை. உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்ட அச்சம் கால் விளங்காமல் போய்விடுமோ என்பதாகத்தான் இருக்கும். இது என் மேசையின் வேலை. தண்டுவடத்துக்குக் காயம் நேரும் வாய்ப்பு இந்த வகை அறுவையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. நேர்ந்தவற்றிலும் பல மீள்பவை. அந்த எண் குறைவாக இருப்பதற்குக் காரணம் அதிர்ஷ்டமன்று. தலையோட்டின் மேல் மெல்லிய மின்தூண்டல் கொடுத்து, அது தண்டுவடம் வழியாக இறங்கிக் கால் தசையைத் துடிக்கச் செய்கிறதா என்று அறுவை முழுவதும் திரையில் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அந்தத் துடிப்பை மறைக்காமல் இருக்க, மூச்சு வழி வாயுவைத் தவிர்த்து நரம்பு வழி மருந்தாலேயே பிள்ளையை உறங்க வைக்கிறேன். ஒருமுறை, ராடைச் சுழற்றிய சில நிமிடங்களில் ஒரு சிறுமியின் இடது கால் அலைகள் படுத்துவிட்டன. தொழில்நுட்பர் சொன்ன அந்த நொடியில் தியேட்டரில் ஒலித்துக்கொண்டிருந்த பாட்டை யாரோ நிறுத்தினார்கள். நான் இரத்த அழுத்தத்தை ஏற்றினேன், இரத்த அளவையும் உடல் வெப்பத்தையும் சரிபார்த்தேன். அறுவை மருத்துவர் ராடைத் தளர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏறக்குறைய கால் மணி நேரத்தில் அலை திரும்பியது. திருத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு முடித்தோம். விழித்ததும் இரண்டு கால் விரல்களையும் ஆட்டிக் காட்டினாள். இந்தக் கண்காணிப்பு இல்லாத காலத்தில், பாதி அறுவையில் மயக்கத்தைக் குறைத்து நோயாளியை எழுப்பிக் காலை ஆட்டச் சொல்வார்கள். 1970-களில் பிரான்சில் தொடங்கிய அந்தச் சோதனை இன்றும் சந்தேகம் தீராதபோது கைகொடுக்கிறது. நரம்புக் கண்காணிப்பு இருக்கிறதா, அதை அறுவை முழுவதும் ஒருவர் அமர்ந்து பார்க்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால், வேறு எவ்வளவு பெயர் பெற்ற இடமாக இருந்தாலும் வேண்டாம்.

இரத்த இழப்பைக் குறைக்க டிரானெக்சமிக் அமிலம் கொடுப்பதும், வயிறு அழுந்தாமல் தொங்கும்படி குப்புறப் படுக்க வைப்பதும் இப்போது வழக்கம். முதல் இரண்டு நாள் வலி கடுமையாகத்தான் இருக்கும். இல்லை என்று சொல்லிப் பிள்ளையை ஏமாற்ற வேண்டாம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ நடக்க வைத்துவிடுவார்கள். ஒரு வாரத்துக்குள் வீடு, ஒரு மாதமளவில் பள்ளி. சில சென்டிமீட்டர் உயரம் ஒரே நாளில் கூடியிருக்கும், சீருடைப் பாவாடையைப் பிரித்துத் தைக்க வேண்டிவரும். மெலிந்த பிள்ளைகளுக்கு இந்தத் திடீர் நிமிர்வால் சிறுகுடலின் தொடக்கம் இரத்தக்குழாயடியில் நசுங்கித் தொடர்ந்து வாந்தி வரலாம். ‘மயக்க மருந்து வேலை’ என்று நாள் கணக்கில் விட்டுவிடக் கூடாது. மூன்று மாதத்துக்கு நெரிசல் நேர லோக்கல் ரயில் கூடாது; முதுகுக்கு ஆபத்து ராடிலிருந்து அன்று, தாதரில் இறங்கும் கூட்டத்தின் முழங்கையிலிருந்து. செலவு எட்டாத நிலையில் பரேல் கே.இ.எம்., சயான் போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளின் சமூகப்பணியாளரை முதலில் பாருங்கள்.

நடனத்தைப் பற்றி. அரைமண்டி இடுப்பு மூட்டிலும் முழங்காலிலும் இருக்கிறது. முதுகு நேராக நிற்பதே அதில் கேட்கப்படுவது. எல்1-ல் நிற்கும் இணைவோடு, எலும்பு இறுகியதை மருத்துவர் படத்தில் பார்த்த பிறகு, அவள் ஆடலாம். பின்னோக்கி வளையும் கரணங்களும் மேலுடலை முறுக்கும் அசைவுகளும் குறையும். ஆசிரியை சிலவற்றை மாற்றியமைத்துத் தருவார். அரங்கேற்றத்தை ஓராண்டு தள்ளி வையுங்கள். தழும்பைப் பற்றி அவள் கவலைப்பட்டால், பன்னிரண்டு வயதில் இதே அறுவை செய்துகொண்ட பிரிட்டிஷ் இளவரசி யூஜினி 2018-ல் தன் திருமணத்தில் முதுகுத் தழும்பு தெரியும்படியே உடை தைத்துக்கொண்டதைக் காட்டுங்கள்.

பிள்ளைப்பேற்றுக்கு இந்த அறுவை தடையில்லை. அதற்காகவே சிசேரியன் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. அங்கேயும் என்னைப் போன்ற ஒருவர்தான் ஊசியோடு வந்து நிற்பார். வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் அந்த ஊசி எல்3, எல்4 இடைவெளியில் இறங்குவது. இணைவு எல்1-ல் நின்றிருந்தால் அவருக்கு இடம் திறந்தே இருக்கும்; கீழே இறங்கியிருந்தால் தேட வேண்டிவரும், சில நேரம் கிடைக்காது. அறுவைக் குறிப்பையும் கடைசி எக்ஸ்ரேயையும் ஒரு பிரதி எடுத்து அவளுடைய ஃபைலில் வைத்துவிடுங்கள். எந்த எலும்பு வரை என்றுதான் அவரும் முதலில் கேட்பார்.